கடைசிப் பக்கத்தில் ஒரு ‘த’ குறைந்தது

முன்னறையிலிருந்து நாத்தனாரின் சிரிப்பு கேட்டது.

பின்னறையில் டீ பொங்கி வந்துகொண்டிருந்தது. பாத்திரத்தை இறக்க நீண்ட அக்காவின் கை பாதியில் நின்றுவிட்டது. நாத்தனார் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. விளம்பரம் பிடிப்பதும் பாக்கி வசூலிப்பதும் அவள் வேலை. அந்த வேலைக்குத் தகுந்தாற்போல் முகத்தையும் வைத்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் வியாழக்கிழமை காலையில், அச்சாகி வந்த தங்கள் இதழைப் பிரித்த கையோடு வாய்விட்டுச் சிரிக்கிறாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். இதழில் பிழை.

"என்னடி?" என்று அக்கா உள்ளேயிருந்தே கேட்டாள்.

சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போய், விசும்பல் மாதிரி ஆகி, சட்டென்று நின்றது. நின்றதுதான் பயமாக இருந்தது.

"அண்ணி, அடுப்ப அணைச்சுட்டு வாங்க. நின்னுகிட்டு பாக்காதீங்க. உக்காந்துக்கங்க."

அக்கா உட்கார்ந்தாள். நாத்தனார் கடைசிப் பக்கத்தை அவள் மடியில் விரித்தாள்.

ஊரில் கட்டிலும் மெத்தையும் விற்கிற பெரிய கடைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் கட்டில்காரர். மூன்று மாடியில் புதுக் கடை கட்டியிருந்தார். சனிக்கிழமை திறக்கிறார். அதற்காக இந்த வாரம் கடைசிப் பக்கம் முழுவதையும் எடுத்திருந்தார். பக்கத்தின் உச்சியில், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு, சிவப்பு மையில் பளபளத்தது:

மாபெரும் இறப்பு விழா

அதற்குக் கீழே கட்டில்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். அவருக்குக் கீழே, ‘அனைவரும் குடும்பத்தோடு வருக. நிம்மதியான, நீண்ட உறக்கத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். முதலில் வரும் நூறு பேருக்குத் தலையணை இலவசம்.’

அக்காவின் கண் தானாகவே மேஜைமேல் இருந்த விசைப்பலகைக்குப் போயிற்று. மூன்று வாரமாக அதில் ‘த’ விசை சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. சும்மா தட்டினால் கேட்காது, நகத்தால் ஓங்கிக் குத்த வேண்டும். ‘த’வைத் தட்டி ‘இ’யைத் தட்டினால் ‘தி’ வரும். ‘த’ அழுந்தாமல் போய் ‘இ’ மட்டும் அழுந்தினால்? சொல்லின் நடுவிலென்றால் அந்த ‘இ’ துருத்திக்கொண்டு நிற்கும், கண்ணில் பட்டுவிடும். சொல்லின் தொடக்கத்திலோ அது வெகு மரியாதையாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு ‘த’ அழுந்த மறுத்தது. திறக்க வேண்டிய கடை செத்துப்போனது.

வேறு யாராயிருந்தாலும் தலையில் கை வைத்துக்கொள்வதோடு போயிருக்கும். அக்காவுக்கு அது நெஞ்சில் விழுந்த அடி. பிழை பார்ப்பதுதான் அவள் பிழைப்பாக இருந்தது. பத்தொன்பது வருஷம் ஒரு பெரிய அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக உட்கார்ந்திருந்தவள் அவள். "எங்க கல்யாணப் பத்திரிகைய கையில குடுத்தேன். பொண்ணு வெக்கப்படும்னு பாத்தா, பேனாவ எடுத்து ரெண்டு எடத்துல சுழிச்சுத் திருப்பிக் குடுத்துச்சு" என்று அவள் கணவர் இன்றைக்கும் ஆள் கிடைத்தால் சொல்லுவார். "அப்பறம் என்னையும் திருத்தப் பாத்துச்சு. மூணு ப்ரூஃப் பாத்தும் முடியல. அப்படியே அச்சுக்கு அனுப்பிடுச்சு."

அச்சகம் மூடப்பட்டபோது கையில் கிடைத்த பணத்தைக் கொண்டு, தையல் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து, இந்த எட்டுப் பக்க வார இதழை ஆரம்பித்தாள். இதழ் இலவசம், செலவெல்லாம் விளம்பரக் காசு. எந்தத் தெருவில் குழாய் உடைந்திருக்கிறது, நகரமன்றக் கூட்டத்தில் யார் கையைத் தூக்கினார், யார் தூங்கினார், எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது, யார் வீட்டுப் பூனை காணாமல் போய் யார் வீட்டில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத சேதியெல்லாம் அதில் வரும்.

அந்த இதழுக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற பத்திரிகைகள் தங்கள் தப்பை ஏழாம் பக்க மூலையில், எறும்பு எழுத்தில் திருத்திக்கொள்ளும். அக்கா முதல் பக்கத்தில் திருத்துவாள். தப்பு எந்த அளவு எழுத்தில் வந்ததோ திருத்தமும் அதே அளவில் வரும். ‘பல் மருத்துவர் மாடியிலிருந்து விழுந்தார் என்று எழுதியது தவறு. விழுந்தது அவருடைய பெயர்ப் பலகை.’ இதைப் படிப்பதற்காகவே இதழைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. அப்படித்தான் அவள் ஊருக்கெல்லாம் ‘திருத்தம் அக்கா’ ஆனாள்.

அந்தத் திருத்தம் அக்கா இப்போது கணவருக்குப் போன் போட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வியாழன் விடிந்தால் பழைய வேனில் இதழ்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போட்டுவருவார்.

"எங்க இருக்கீங்க?"

"பூங்கா பக்கம். மூவாயிரத்து எண்ணூறு போட்டாச்சு. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கடைசிப் பக்கத்தப் பாருங்க."

காகிதம் சலசலத்தது.

"காலையிலேர்ந்து எல்லாரும் என்னப் பாத்துப் பாத்துச் சிரிச்சாங்க" என்றார். "நேத்து வெட்டுன முடி சரியில்ல போலன்னு நெனச்சேன்."

அடுத்து கட்டில்காரரைக் கூப்பிட வேண்டும். நாத்தனார் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். விளம்பரம் அச்சுக்குப் போகும் முன் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய தாள்.

"நான் பேசறேன் அண்ணி. இதோ, அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. ‘மூக்கு பெருசா தெரியுது, கொஞ்சம் கொறைங்க’ன்னு மட்டும் எழுதிருக்காரு. தலைப்ப ஏறெடுத்தும் பாக்கல. தப்புல பாதி அவரோடது."

"அவர் கட்டில் விக்கறவர். எழுத்து பாக்க வேண்டியவ நான். குடு போன."

மறுமுனையில் கட்டில்காரர் கத்தவில்லை.

"தெரியும்க்கா" என்றார். "மாமியார் போன் பண்ணாங்க. நான் ஹலோன்னதும் ‘ஓ, நீங்களேதானா’ன்னாங்க. குரல்ல அப்படி ஒரு ஏமாத்தம்."

"அண்ணே, தப்பு என்னோடது. என்ன செய்யணும் சொல்லுங்க, செய்யறேன்."

"சனிக்கிழமை கடைக்கு ஈ காக்கா வரலேன்னு வைங்க, உங்க பேப்பருக்கும் சேத்து அதே விழாவ எடுத்துடுவேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை. வாரம் தவறாமல் வருகிற அவர் விளம்பரம்தான் அச்சுக் கூலியில் பாதியைச் சுமந்துகொண்டிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து காகிதத்துக்கு முன்பணம் வைத்தால்தான் எந்திரம் சுற்றும் என்று அச்சகக்காரரும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டில்காரர் கையை விட்டால் இதழ் நிற்கும். ஏழு வருஷ உழைப்பு, ஒரு விசைக்காக.

அன்று மத்தியானமே அக்கா புது விசைப்பலகை வாங்கினாள். பிறகு கணவரின் வேனில் ஏறி, ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். "அன்பார்ந்த வாசகர்களே, அது இறப்பு விழா இல்லை, திறப்பு விழா. கடைக்காரர் நல்லபடியாக இருக்கிறார்." இதழைப் பார்க்காமல் விட்ட நாலு பேரும் இதைக் கேட்டுத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சன்னல்கள் திறந்து சிரித்தன. அவளுக்கோ கண்ணில் நீர் முட்டியது. கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் துக்கமா சொல்லு, நல்லா இருக்கு" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. என்னவென்று சொல்ல, அந்த ஊர் அப்படி ஒரு திறப்பு விழாவைப் பார்த்ததே இல்லை. கட்டில்காரர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்க்கவே பாதி ஊர் வந்தது. ஒருவர் பூங்கொத்து வாங்கி வந்து, வாசலில் அவரையே கண்டதும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் கையிலேயே கொடுத்தார். வந்தவர்கள் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள். "சூடாத்தான் இருக்கார்" என்று பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். பிறகு உள்ளே போய் மெத்தைகளில் படுத்துப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் கட்டிலெல்லாம் விற்று, மேல்மாடியில் கடைக்காரர் உட்காரும் நாற்காலியையும் யாரோ விலை பேசிவிட்டார்கள்.

ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று இதையெல்லாம் பார்த்த அக்கா, வீடு திரும்பும் வழியெல்லாம் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். போகவில்லை. திங்கட்கிழமை காலையில் அது படியேறி வந்தது.

கட்டில்காரர் வாசனையாக வந்தார். கையில் ஒரு கோப்பு.

"அக்கா, ஒரு வருஷம். அம்பத்திரண்டு வாரம். கடைசிப் பக்கம் முழுசும் எனக்கு. மூணு மாசப் பணம் இன்னிக்கே."

நாத்தனார் எழுந்து அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் யாருக்கும் நாற்காலி துடைத்ததை அக்கா அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்று உட்கார்ந்தார் அவர். "இந்த வாரம் மொத பக்கத்துல திருத்தம்னு போட்டு ஒப்பாரி வைக்காதீங்க. அது தப்பே இல்ல. வேணும்னே செஞ்ச விளம்பர உத்தின்னு போடுங்க. நான் யோசிச்சேன், நீங்க செஞ்சீங்க. ஊரே வாயப் பொளந்து பாக்குது. ‘என்னா மூள’ங்கறான் எதிர்க்கடைக்காரன். அத எதுக்கு நாம கெடுத்துக்கணும்?"

"ஆனா அது தப்புதானே அண்ணே."

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் நாத்தனார், கையெழுத்துத் தாள் இருந்த கோப்பைத் தட்டி. பிறகு தன் வாய்மேலேயே கோபம் வந்தவள்போல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு அக்கா அவரை அனுப்பிவைத்தாள்.

அந்த ஒரு நாள் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சாயங்காலம் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து அழுதாள். யார் கண்ணீர் வெங்காயத்துக்கு, யார் கண்ணீர் இதழுக்கு என்று பிரிக்க முடியவில்லை.

"ஒரே ஒரு வரிப் பொய். யாருக்கும் நஷ்டமில்ல. சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. இதழ் பொழைச்சுக்கும்."

"போட்டுடு" என்றார் அவர்.

"போட்டுடவா?"

"போடு. ஆனா அடுத்த வாரம் வேன்ல போறப்ப, பூங்கா வாசல்ல பூக்கடைக்காரம்மா கேக்கும். ‘பக்கத்துத் தெருவுல தண்ணி நாளைக்கு வராதுன்னு போட்டிருக்கே, அது நெசமா, உத்தியா?’ன்னு. அதுக்கு நான் என்ன சொல்லணும்னு மட்டும் எழுதிக் குடுத்துடு."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெங்காயத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். "இவ்வளவு பெருசு பெருசாவா நறுக்கறது" என்றாள். அவர் புரிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை கட்டில்காரரிடம் அவர் கோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. "தானா வர்ற சோத்த கால்ல தட்டி விடறீங்க" என்றார். "இனி என் கடையில உங்க பேப்பர் படாது. என் வீட்டு வாசல்லயும் போட வேண்டாம். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க." படிக்கட்டு முழுவதும் அவர் காலடி கோபமாகவே இறங்கியது.

புதன்கிழமை அக்கா முதல் பக்கத்தைத் தட்டெழுதினாள். வழக்கம் வழக்கம்தான். ‘இறப்பு’ எந்த அளவில் வந்ததோ அதே அளவில், முதல் பக்கத்தின் உச்சியில், சிவப்பில், ‘திறப்பு’. அதன் கீழே:

‘போன வாரம் கடைசிப் பக்கத்தில் திறப்பு விழா என்பது இறப்பு விழா என்று வந்துவிட்டது. அதை விளம்பர உத்தி என்று சிலர் பாராட்டுகிறார்கள். உத்தி இல்லை, பிழை. எங்கள் விசைப்பலகையில் ‘த’ மூன்று வாரமாகப் பழுது. மாற்ற வேண்டிய நான் சோம்பலில் மாற்றவில்லை. அச்சுக்கு முன் படித்தபோதும் என் கண்ணுக்குத் தப்பியது. பிழை முழுவதும் என்னுடையது.

இன்னொரு செய்தி. பெரிய விளம்பரம் ஒன்று நின்றுவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் முந்நூறு வீடுகள் ஆண்டுச் சந்தா கட்டினால் இதழ் தொடரும். கட்ட முடியாத வீட்டுக்கும் எப்போதும்போல் வரும்.’

இதற்குமேல் அவளால் தட்ட முடியவில்லை. கண் மறைத்தது. மீதியை நாத்தனார் உட்கார்ந்து முடித்தாள். முந்நூறு சேராவிட்டால் மாதக் கடைசி இதழே கடைசி இதழ், கட்டியவர்களுக்குப் பணம் திரும்ப வந்துவிடும் என்று அவளே நாலு வரி சேர்த்தாள்.

"பிச்சை கேக்கற மாதிரி இருக்கு அண்ணி" என்றாள்.

"சோப்புக்குக் காசு கேட்டா கடைக்காரர் பிச்சையா கேக்கறாரு? ஏழு வருஷமா நாம படிக்கறவங்ககிட்ட எதையுமே கேக்கல. அதான் நமக்குக் கூச்சமா இருக்கு."

வியாழக்கிழமை முழுவதும் ஒருவரும் வரவில்லை. போன் கூட அடிக்கவில்லை. கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் தரை வழியாக வந்துகொண்டிருந்தது. அக்கா மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் படியில் காலடி கேட்டது. வந்தது ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. இதழ் வந்த நாள் முதலாக ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவோடு படித்து, பிழைகளை வட்டமிட்டு அனுப்பிவைப்பவள். அவளுக்குச் சிவப்புப் பேனா என்றே பெயர். மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்து, இதழை மேஜைமேல் வைத்தாள்.

"மேல ‘முந்நூறு’ன்னு சரியா போட்டிருக்க. கீழ நாலாவது வரியில ‘முன்னூறு’ன்னு இருக்கு. ரெண்டு சுழி மூணு சுழி விவகாரம் இல்ல இது, அர்த்தமே போச்சு. முந்நூறுன்னா மூணு நூறு. முன்னூறுன்னா முன்னாடி ஒரு நூறு. எத்தன பேர் கட்டணும்னு முடிவு பண்ணிச் சொல்லு."

அக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூரையைப் பார்த்தாள்.

"திருத்தத்துலயே தப்பு விட்ட மொத ஆளு நீதான்" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனா கைப்பையைத் திறந்தாள். "இந்தா, ஒரு வருஷச் சந்தா. நீ கடையச் சாத்திட்டுப் போயிட்டா நான் வாரம் முழுக்க எதத் திருத்தறது? என் வீட்டுக்காரரத் திருத்தி முடிச்சாச்சு."

முதல் சந்தா. அக்கா ரசீது எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. சிவப்புப் பேனா அதையும் திருத்திவிட்டுத்தான் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். அவர் பேச்சு மாத்திரை மாதிரி, எண்ணி எண்ணிக் கொடுப்பார்.

"உத்தின்னு போட்டிருந்தீங்கன்னா நானும் கைதட்டியிருப்பேன்க்கா. ஆனா அதுக்கப்பறம் நீங்க எழுதற எதையும் நம்பியிருக்க மாட்டேன்." சந்தாவைக் கட்டிவிட்டு, "ரெண்டு அங்குலத்துல ஒரு விளம்பரம் போடலாமா? ஞாயித்துக்கிழமையும் கடை தொறந்திருக்கும்னு. அவ்வளவுதான். பெருசா போட எனக்கு வசதியில்ல" என்று கேட்டார்.

ரெண்டு அங்குல விளம்பரம் என்றால் நாத்தனார் அதுவரை ஏறிட்டும் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த ரெண்டு அங்குலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அண்ணி, நான் கடைத்தெரு பக்கம் போய்ட்டு வரேன்" என்று இறங்கினாள். கீழேயிருந்தே ஆரம்பித்தாள். தையல்காரர், முடிதிருத்துகிறவர், சைக்கிள் பழுது பார்க்கிறவர், பியானோ சொல்லித் தருகிற பெண், காலணி தைக்கிறவர். பெரிய விளம்பரத்துக்கு ஆசைப்பட்டு இத்தனை வருஷமும் அவள் தாண்டிப்போன வாசல்கள். "ஒரே ஆளு தோள்ல ஏறி நின்னா அவர் குனிஞ்சதும் விழவேண்டியதுதான்" என்று சாயங்காலம் வந்து காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அம்பது பேர் தோள்ல கால வச்சா ஒருத்தர் குனிஞ்சா தெரியாது. கால்தான் வலிக்குது."

அடுத்த வார முதல் பக்கத்தில் ‘முந்நூறு’ பெரிதாக வந்தது. பக்கத்திலேயே இன்னொரு அறிவிப்பும் வந்தது. ‘புதன்கிழமை மத்தியானம் கதவு திறந்திருக்கும். இதழில் தப்பு கண்டவர்கள் நேரில் வந்து திட்டலாம். டீ உண்டு.’ எட்டுப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த புதன் இருபது பேர். திட்ட வந்தவர்கள் சேதியும் கொண்டு வந்தார்கள். பாலத்தில் விளக்கு எரியவில்லை. நூலகத்தை ரகசியமாக இடம் மாற்றப் போகிறார்கள். மருத்துவமனைக்குப் போகும் பேருந்தின் நேரத்தை யாரிடமும் சொல்லாமல் மாற்றிவிட்டார்கள். அக்கா ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து, இரண்டு பேரிடம் கேட்டு எழுதினாள். பேருந்து நேரத்தைப் போட்ட வாரம் மட்டும் நாற்பத்தோரு சந்தா.

ஆனாலும் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுவரில் ஒட்டியிருந்த பட்டியல் இருநூற்று எண்பத்து மூன்றில் நின்றது. நாளைக்குப் பக்கம் முடிக்க வேண்டும். தொடரும் என்று எழுதுவதா, இதுவே கடைசி என்று எழுதுவதா? பதினேழு வீடு. அக்கா பட்டியலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மணிக்குக் கணவர் வந்தார். பைகளிலிருந்து மடித்த காகிதங்களாக எடுத்து மேஜைமேல் போட்டார். மேல் பையில் கொஞ்சம், கால்சட்டைப் பையில் கொஞ்சம், தொப்பிக்குள் இரண்டு.

"என்ன இது?"

"முப்பத்தாறு சந்தா. சரியா எண்ணிக்கோ."

இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அந்தப் பிள்ளைகள் இப்போது ஊரெல்லாம் வீடும் குடும்பமுமாக இருந்தார்கள். இரண்டு நாளாகப் பழைய பேருந்துத் தடத்திலேயே, ஒரு நிறுத்தம் விடாமல் போய்வந்திருக்கிறார்.

"என்ன சொல்லிக் கேட்டீங்க?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. ஹாரன் அடிச்சேன். எல்லாம் ஓடி வந்துட்டாங்க. நாப்பது வயசாகியும் ஒருத்தன் ‘அங்கிள், லேட்டாயிட்டேனா’ங்கறான்."

அக்கா அழுதாள். அப்படி அழுதாள் என்றால், கீழே தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்து, கெட்ட சேதி என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் அவரைத் திருப்பி அனுப்பப் பட்ட பாட்டில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்நூற்றுப் பத்தொன்பது. வியாழக்கிழமை இதழில் ‘தொடரும்’ என்று ஒரே சொல்லில் சேதி வந்தது. அச்சகக்காரர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக்கும் ஒரு சந்தாவைக் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

அதிலிருந்து ஆறு வாரம் கழித்து, மழை விட்ட ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. புதன்கிழமை இல்லையே என்று நினைத்துக்கொண்டே அக்கா நிமிர்ந்தாள். கட்டில்காரர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"வாங்கண்ணே. உக்காருங்க."

"உக்கார வரல." உட்கார்ந்தார். "விளம்பரம் குடுக்கவும் வரல. அதுல மாத்தமில்ல."

"நாங்க கேக்கவே இல்லையே" என்றாள் நாத்தனார். இந்த முறை நாற்காலி துடைக்கப்படவில்லை.

அவர் குடையின் கைப்பிடியைத் திருகினார். "வீட்ல என் பொண்டாட்டி வாராவாரம் பக்கத்து வீட்ல போய் உங்க பேப்பர வாங்கிப் படிக்கறா. நேத்து பக்கத்து வீட்டுக்காரன் மதில் மேல தலைய நீட்டி, ‘சார், வியாபாரம் எல்லாம் எப்படி, கஷ்டமா?’ன்னு கேக்கறான். மூணு மாடிக் கடை வச்சிருக்கறவனப் பாத்துக் கேக்கறான்."

"அய்யோ பாவம்" என்றாள் அக்கா. சிரிப்பை விழுங்கியதில் காது சிவந்தது.

"ஒரு வருஷச் சந்தா போடுங்க. பேர் என் வீட்டம்மா பேர்லயே இருக்கட்டும். இலவசம்லாம் வேண்டாம். ரசீது வேணும்."

அக்கா ரசீது எழுதினாள். அவர் அதை வாங்கி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மூக்கு எழுத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து படித்தார். பிறகு மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், கதவருகில் போய் நின்றார்.

"ஒரு ஆளுக்கு கால் பக்கத்துக்கு மேல விளம்பரத்துக்கு இடம் இப்ப குடுக்கறதில்லையாமே."

"ஆமாண்ணே. யாருக்கும் இல்ல."

"கால் பக்கம்னா எவ்வளவு இருக்கும்?"

நாத்தனார் ஒரு இதழை நான்காக மடித்து, ஒரு மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்து அதை அளந்தார்.

"ஒரு கட்டில் அடங்கும்" என்றார்.

"படுக்கறவர் காலத் தூக்கிக்கிட்டாருன்னா அடங்கும்" என்றாள் நாத்தனார்.

"சும்மாதான் கேட்டேன்."

"நானும் சும்மாதான் காட்டினேன்."

அக்கா எழுந்து கதவை முழுவதும் திறந்துவிட்டாள். "படி ஈரமா இருக்கு, பாத்துப் போங்கண்ணே. வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்குள்ள உங்க வீட்டு வாசல்ல இருக்கும்."

"ஏழுன்னா ஏழு இருக்கணும்" என்றார் அவர், படியில் கால் வைத்தபடி. "எம்பொண்டாட்டி ஆறரைக்கே வாசல்ல நிப்பா." குடையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் அவர் காலடி தெருச் சத்தத்தோடு கலந்த பிறகு, அக்கா கதவைச் சாத்தினாள்.